எழுபது வளைவுகளும் ஓர் அப்புச்சியும்

டென்மார்க்கில் மலை கிடையாது. அங்கே மலை என்று பெயர் வைத்திருப்பதன்மேல் ஏறி நின்றால் பக்கத்து வீட்டுக் கூரை தெரியும், அவ்வளவுதான். ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்து, முப்பத்து மூன்று வருடம் தட்டையான தரையிலேயே சைக்கிள் ஓட்டியவள் நான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்னை என்ன செய்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இருபதாவது வளைவில் காலையில் சாப்பிட்ட இட்லியை நினைத்துக் கவலைப்பட்டேன். நாற்பதாவது வளைவில் கவலைப்பட ஒன்றும் மிச்சமில்லை.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார். “மோந்து பாருங்க அம்மணி. கண்ண மட்டும் மூடாதீங்க, மூடுனா இன்னும் சுத்தும்.”

“ஓம், சரி” என்றேன்.

“ஓமா? வாந்திக்கு ஓமமும் நல்லதுதானுங்க. இப்ப கையில இல்லீங்களே” என்றார் அவர். எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆம். இதை அவருக்கு விளக்க எனக்குத் தெம்பு இல்லை. ஒரே மொழிதானே என்ற தைரியத்தில் வந்திருந்தேன். அந்தத் தைரியம் எவ்வளவு கெட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. ஒரு பெண்ணிடம் கையெழுத்து வாங்க வந்தேன். நாங்கள் ஆய்வகத்தில் பார்ப்பது நரம்பணுவுக்குள் இருக்கும் ஒரு புரதம். வகைபிரிக்கும் ஏற்பி என்று தமிழில் சொல்லலாம். சேலத்து மருத்துவர் ஒருவர், கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் ரங்கசாமி என்ற விவசாயிக்கு ஐம்பது வயதிலேயே மறதி நோய் வந்ததைப் பார்த்து, அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு எங்களுக்கு இரத்தம் அனுப்பினார். அதில் அந்த ஏற்பியை உண்டாக்கும் மரபணு உடைந்திருந்தது. பிறகு ரங்கசாமியின் மனைவி பாப்பாத்தியிடம் நான் போனில் பேசி, குடும்பத்தில் வேறு யாருக்கு இப்படி இருந்தது என்று கேட்டு ஒரு வரைபடம் போட்டேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு. அந்த வரைபடத்தின்படி நோய் ரங்கசாமியின் தகப்பன் வழியில் வந்தது. தகப்பன் வழியில் மிஞ்சியிருப்பவர் ஒரே ஒருவர், சித்தப்பா மகள் செல்லம்மா. அவருக்கும் வரக்கூடும், சோதித்துப் பார்ப்பது நல்லது என்று ஆறு மாதத்துக்கு முன் சேலத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு அவர் படத்தில் ஒரு வட்டம். மலை ஏறும்போதுதான் அந்த வட்டத்துக்கு ஒரு முகம் இருக்கும் என்பதே உறைத்தது.

மலைமேல் செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கினேன். சாயங்காலம் ஒரு கடையில் முடவாட்டுக்கால் சூப் குடித்தேன். அது ஒரு கிழங்கு. ஆட்டுக்கால் மாதிரியே பழுப்பு ரோமம் முளைத்திருக்கிறது. கடைக்காரர் அதைச் சுரண்டிச் சுரண்டிக் காட்டி, “மூட்டு வலிக்கு இதுக்கு மிஞ்சி ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு மூட்டு வலி இருக்குதுங்களா?” என்றார். இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். காரம் காதுவரை ஏறியது. டென்மார்க்கில் என் கூட வேலை செய்கிறவர்கள் உப்புப் போட்ட கறுப்பு ரொட்டியையே காரம் என்பார்கள். அவர்களை இந்தப் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. செல்லம்மாவின் ஊர்ப் பெயர் போட்ட பஸ் ஒன்று நின்றது. ஏறி உட்கார்ந்தேன். அது முக்கால் மணி நேரம் ஓடி, அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. நான் கேட்ட ஊர் இது இல்லையாம், எதிர்த் திசையில் இருக்கிறதாம்.

“முன்னால அந்தப் பேர்தானே போட்டிருக்கு?” என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

“அது நேத்து போர்டுங்க” என்றார் அவர் அமைதியாக. “இங்க ஆரும் போர்டு பாத்து ஏற மாட்டாங்க. ஒம்பது மணி வண்டி எங்க போகும்னு எல்லாத்துக்கும் தெரியும். போர்டுக்கு என்னங்க அவசரம், நாளைக்கு மாத்திக்கலாம்.”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. டென்மார்க் பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை எழுத்திலும் சொல்வார்கள், குரலிலும் சொல்வார்கள். ஆனால் தவறான பஸ்ஸில் ஏறியவளை அன்னாசி ஏற்றிய வண்டியில் முன் இருக்கையில் உட்கார வைத்து, வழியில் ஒரு பழத்தையும் வெட்டிக் கொடுத்து, கேட்ட ஊரில் இறக்கிவிட மாட்டார்கள். இங்கே அதைச் செய்தார்கள்.

செல்லம்மாவின் வீடு ஒற்றையடிப் பாதையின் முடிவில் இருந்தது. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. அவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். என்னைப் பார்த்ததும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க அம்மணி, வழி தப்பிட்டீங்களாமா? வண்டிக்காரரு கடைக்குப் போன் பண்ணிச் சொன்னாருங்க” என்றார். சிரித்தார். ஆனால் என் தோள்பையை விட்டு அவர் கண் நகரவில்லை.

இரத்தம் எடுப்பது நான் இல்லை, திங்கட்கிழமை நர்ஸ் வருவார், இன்றைக்கு விளக்கமும் சம்மதக் கையெழுத்தும்தான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மிளகு தட்டிப் போட்ட வரக்காப்பி கொண்டுவரச் சமையலறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

அலமாரியில் வரிசையாக டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் பெயர் எழுதியிருந்தது. உப்பு. கடுகு. சீரகம். சாமை அரிசி. அடுப்புக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில், ‘அணைச்சாச்சா?’

“பள்ளிக்கூடத்துப் பழக்கமா?” என்று கேட்டேன், தெரியாமல்.

“இல்லீங்க” என்றார். “இப்பவே பழகிக்கிட்டா அப்புறம் தோதா இருக்குமுன்னுதான்.”

காப்பி என் கையிலேயே ஆறியது. அவர் தானாகவே பேசத் தொடங்கினார். சேலத்திலிருந்து செய்தி வந்ததிலிருந்து எது மறந்தாலும் அதுதானோ என்று பயம் வந்துவிடுகிறதாம். போன மாதம் புளி கரைத்து வைத்துவிட்டுக் குழம்பில் ஊற்ற மறந்துவிட்டாராம். “அறுவது பிள்ளைங்க சாப்புடறதுங்க. இன்னிக்குப் புளி, நாளைக்கு வேற என்னத்தையாச்சும் மாத்திப் போட்டுட்டேன்னா? ஹெட் மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டேனுங்க, அடுத்த மாசத்துக்கு வேற ஆளப் பாருங்கன்னு.”

“ரங்கசாமி அண்ணர் எப்படி இருக்கிறார்?”

“தெரியாதுங்க.” “கா மணி நேர நடைதானுங்க அண்ணன் ஊடு. ஆறு மாசமா நான் அந்தப் பக்கமே போகல. போனா ‘நீ ஆரு’ங்கும். அதக் கேட்டா, நாளைக்கு நான் ஆரு கிட்ட இப்படிக் கேப்பேனோன்னு தோணுது. எனக்கு வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க அம்மணி.”

அதைச் சொல்லத்தான் இரத்தம் வேண்டும் என்றேன். அதற்கு முன் அது என்ன நோய் என்று விளக்குவது என் கடமை. ஏற்பி, புரதம், உட்கல உறுப்பு என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததை இரண்டு வாக்கியம் சொன்னேன். “நீங்க பேசறது ரேடியோவுல செய்தி கேக்கற மாதிரியே இருக்குதுங்க” என்றார் செல்லம்மா. சொன்னது புரியவில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

பிறகு பஸ்ஸை வைத்துச் சொன்னேன். நரம்பணுவுக்குள் புரதங்கள் ஓயாமல் பயணம் போகின்றன. சில அணுவின் மேற்பரப்புக்குப் போக வேண்டும். பக்கத்து நரம்பு அனுப்பும் செய்தியை அங்கே நின்றுதான் வாங்க முடியும். சில திரும்பி வந்து இன்னொரு முறை வேலை செய்ய வேண்டும். தேய்ந்து போனவை செரித்து அழிக்கும் அறைக்குப் போக வேண்டும். எது எங்கே என்று பிடித்து ஏற்றிவிடுவது இந்த ஏற்பி. பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எங்கே என்று சொல்லி அனுப்புகிறவரைப் போல. ஐந்து பேர் கொண்ட குடும்பம் அது. ஒருத்தர் நரம்பணு பிழைக்கவா சாகவா என்ற செய்தியையே கையில் வைத்திருக்கிறார். ரங்கசாமியிடம் பழுதானது இன்னொருத்தர். அந்த ஆள் குறைந்தால், திரும்ப வேண்டிய ஒரு புரதம் போகக் கூடாத அறையில் தங்கி, அங்கே வெட்டுப்பட்டுப் பிசுபிசுத்த துண்டுகளாகிறது. மறதி நோயாளிகளின் மூளையில் வருடக் கணக்காகப் படிவது அந்தத் துண்டுகள்தான்.

“அப்ப மூள கெட்டுப் போறதில்லீங்க, வண்டி மாறிப் போகுது” என்றார் செல்லம்மா. நான் பத்து வருடமாக மாணவர்களுக்குச் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பழுது இருந்தால் நோய் வந்தே தீரும் என்று இல்லை, வாய்ப்பு மிகவும் கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

கையெழுத்துக்கு முன் வரைபடத்தைப் பெயர் பெயராகச் சரிபார்ப்பது வழக்கம். பாயில் விரித்தேன். “இது ரங்கசாமி அண்ணர். இது அவரின்ர அப்பா, இது உங்கட அப்பா. அண்ணன் தம்பி. இரண்டு பேரும் ஒரே லாரி விபத்தில போனவை.”

“ஆமாங்க. வளைவுல. எனக்கு ரெண்டு வயசு அப்ப.”

நாற்பது வயது ஆகுமுன்பே இருவரும் போய்விட்டார்கள். அதனால் அவர்களிடம் பழுது இருந்ததா என்று காட்ட நோய்க்கு நேரமே கிடைக்கவில்லை. அதுதான் எங்கள் சிக்கல். விரலை மேலே நகர்த்தினேன். “இது அண்ணரின்ர அப்பாச்சி. இவவுக்கும் ஐம்பது வயதில இதே மறதி வருத்தம்.”

“ஆருங்க?”

“அப்பாச்சி.”

“அப்படின்னா?”

“அப்பாவின்ர அம்மா.”

செல்லம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “எங்க அப்பத்தாளுக்கா? ஏனுங்க, அது எண்பது வயசுல செத்துச்சு. சாவற அன்னிக்கு வரைக்கும் இந்த ஊர்ல பொறந்த அத்தன பிள்ளைக்கும் நாளும் நட்சத்திரமும் வரிசையாச் சொல்லும். ஆரு சொன்னது அப்பத்தாளுக்கு மறதின்னு?”

“பாப்பாத்தி அக்காதான் சொன்னவ.” பதிவு என் போனில் இருந்தது. தேடி எடுத்துப் போட்டேன். பாப்பாத்தியின் குரல் இரைச்சலுக்கு நடுவே கேட்டது: “அவிங்க அப்புச்சிக்கும் இதே மாதிரிதாங்க இருந்துச்சு. அவிங்களும் அம்பது வயசுல ஊட்டுக்கு வழி மறந்துட்டாங்க.”

அன்று என் காதில் விழுந்தது அப்பாச்சி. இப்போதும் முதலில் அப்படித்தான் கேட்டது. செல்லம்மா போனைப் பிடுங்கி மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது தடவையும்.

“அப்புச்சிங்கறாங்க” என்றார். குரல் மாறியிருந்தது. “அப்புச்சின்னா அம்மாவப் பெத்தவருங்க. ஆம்பள. அம்மாயியோட ஊட்டுக்காரரு.”

அப்புச்சி, அம்மாவின் அப்பா. அப்பாச்சி, அப்பாவின் அம்மா. என் ஊர்ச் சொல்லும் அவர்கள் ஊர்ச் சொல்லும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் குடும்பத்தின் இரண்டு கரையில் நிற்கின்றன. பாப்பாத்தி மரியாதையாக ‘அவிங்க’ என்று சொன்னதால் ஆணா பெண்ணா என்பதும் தெரியவில்லை. கட்டம் போட வேண்டியதை வட்டம் போட்டு, தாய் வழியில் வைக்க வேண்டியதைத் தகப்பன் வழியில் வைத்தவள் நான். வகைபிரிப்பதைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள்.

செல்லம்மாவின் வீட்டில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினோம், இருவரும் உண்மையாகவே ஓடினோம். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர் பாப்பாத்திக்குப் போன் போட்டார்.

“அண்ணி, அண்ணனோட அப்புச்சின்னு இவிங்ககிட்டச் சொன்னியே, அது ஆரு?”

“அப்புச்சின்னா அப்புச்சிதான். எங்க அத்தையப் பெத்தவரு, உங்க அண்ணனோட அம்மாவப் பெத்தவரு. அடிவாரத்துக்காரரு. என்ன கேள்வி இது?” என்றது போன். “அத்த ஒரே பொண்ணு. அதுவும் காய்ச்சல்ல சின்ன வயசுலயே போயிருச்சு. ஏன், என்னாச்சு செல்லம்மா?”

நான் சேலத்து மருத்துவரை அழைத்தேன். என் தவற்றை முதலில் சொன்னேன், சுற்றி வளைக்காமல். பிறகு பாப்பாத்தியிடமும் பேசிவிட்டு அவரே திரும்ப அழைத்து, போனை செல்லம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் கேட்டேன். “செல்லம்மா, அந்தப் பழுது உங்க அண்ணனுக்கு அவரோட அம்மா வழியில வந்திருக்கு. அவங்களுக்கும் உங்களுக்கும் இரத்த உறவு கிடையாது. ஊர்ல மத்தவங்களுக்கு எப்படியோ உங்களுக்கும் அப்படித்தான். இந்தச் சோதனையே உங்களுக்குத் தேவையில்லை.”

செல்லம்மா போனை என்னிடம் நீட்டினார். தொட்டித் திட்டில் உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக் கொள்ளுங்கோ” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பாவுக்கும் புவுக்கும் நடுவுல ஆறு மாசமுங்க” என்றார் அவர். “ஆறு மாசம் செத்துக் கெடந்தேன்.” நியாயமான கோபம். அதை வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் எழுந்து வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். பின்னால் போவதா, இப்படியே மலை இறங்குவதா என்று தெரியாமல் தொட்டி அருகிலேயே நின்றேன். கால் மணி நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

“ஏனுங்க அம்மணி! அங்கயே நின்னு என்ன பண்றீங்க? சோறு ஆறுது, வாங்க!”

சாமைச் சோறு, கொள்ளு ரசம், பலாக்கொட்டைப் பொரியல். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல். “உப்பு அதிகமுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று பயந்து பயந்து சொன்னேன். “ரெண்டு தடவ போட்டுட்டேன் போல. மறந்துட்டேன்” என்றவர், சொன்ன சொல்லைத் தானே கேட்டு நிறுத்தினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் புரையேறியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக எந்த உப்புக் கரித்த ரசத்தையும் நான் குடித்ததில்லை.

ஞாயிறு காலையில் அவரே செம்மேட்டுக்கு வந்து என் அறைக் கதவைத் தட்டினார். இடுப்பில் ஒரு பலாப்பழம். “அண்ணன் ஊட்டுக்குப் போலாங்க. தனியாப் போக ஒரு மாதிரி இருக்குது.”

இந்தத் தடவை எந்த பஸ் என்பதை அவரிடமே விட்டுவிட்டேன். இறங்கி நடந்த பாதையில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், ரங்கசாமியின் வீடு தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பாப்பாத்தி வாசலில் நின்றார். மெலிந்த, உயரமான பெண். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. “வா” என்று மட்டும் சொல்லிப் பழத்தை வாங்கிக்கொண்டார்.

செல்லம்மாவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. “எனக்கு இல்லேன்னு டாக்டரு சொன்னதும் நேத்து நல்லாத் தூங்கிட்டேன் அண்ணி. அண்ணனுக்கு இருக்கையில நான் அப்படித் தூங்கலாமா?”

“ஒருத்தராச்சும் தூங்கோணுமில்ல” என்றார் பாப்பாத்தி, அரிவாள்மணையில் எண்ணெய் தடவிக்கொண்டே. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கும் அந்தப் பழுது இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவனாகக் கேட்கிற அன்றைக்குச் சோதிக்கலாம் என்று அவருக்கு மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் என் நிம்மதி கொஞ்சம் கூசியது. ஆனாலும் அது போய்விடவில்லை.

ரங்கசாமி முற்றத்து வெயிலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, யாரோ வரப்போவதுபோல் தயாராக இருந்தார். செல்லம்மா பலாச்சுளைத் தட்டோடு போய் அவர் காலடியில் உட்கார்ந்தார். அவர் குனிந்து பார்த்தார்.

“நீ ஆரு கண்ணு?”

செல்லம்மாவின் கை தட்டில் அப்படியே நின்றது. ஆறு மாதமாக இந்தப் பாதையில் அவரை நடக்கவிடாத கேள்வி.

“செல்லம்மாண்ணா” என்றார். “உன்ற சித்தப்பன் பொண்ணு.”

“அப்படியா சாமி? சாப்புட்டியா?”

“சாப்புட்டேண்ணா.”

ரங்கசாமி ஒரு சுளையை மெதுவாகத் தின்றார். மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். “நீ ஆரு கண்ணு?”

நாங்கள் மத்தியானம்வரை அங்கே இருந்தோம். எத்தனை தடவை கேட்டார் என்று நான் எண்ணவில்லை. பாப்பாத்தி உள்ளே ஒரு பாயை விரித்துப் படுத்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு பகலில் கண் அசந்தார். செல்லம்மா ஒவ்வொரு சுளையாகக் கொட்டை நீக்கி அண்ணன் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும் நேரத்தில் மறுபடியும் அந்தக் குரல் கேட்டது, அவ்வளவு அன்பாக, அவ்வளவு புதிதாக.

“நீ ஆரு கண்ணு?”

“செல்லம்மாண்ணா” என்றார் அவர், முதல் தடவை கேட்கப்பட்டவரைப்போல. “உன்ற சித்தப்பன் பொண்ணு.”